ஆறு ஆண்டுகள் நின்று, இரண்டு ஆண்டுகளில் முடிந்த ஊர் வரலாறு: கிளிநொச்சியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இரணைமடுக் குளத்தின் கீழுள்ள குடியேற்றக் கிராமம் ஒன்றில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் ஊரின் வரலாற்றை எழுதத் தொடங்கி, ஆறு ஆண்டுகளாக முடிக்க இயலாமல் நின்று, பின்னர் இரண்டு ஆண்டுகளில் அதை நூலாக்கி முடித்தார். நான் அவரிடம் படித்தவன். கடைசி இரண்டு ஆண்டுகளில் தட்டச்சுக்கும் வெளிவேலைகளுக்கும் உதவியாக இருந்தேன். வன்னியில் பாதி எழுதிய கொப்பிகள் இருக்கும் வீடுகள் பலவற்றை எனக்குத் தெரியும். எழுதியவரின் சோம்பலால்தான் அவை நின்றன என்று ஊரார் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இந்த நிகழ்வில் நான் கண்டது வேறு. ஆசிரியையின் சம்மதத்துடன், ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்து, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஊரார் அழைப்பதுபோலவே அவரை ரீச்சர் என்று குறிப்பிடுகிறேன்.

பின்னணி

கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்தின் நீரை நம்பியே கிளிநொச்சிக் குடியேற்றங்கள் 1930களிலிருந்து வளர்ந்தன. ரீச்சரின் பெற்றோர் 1950களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டிக் காணி திருத்தியவர்கள். ரீச்சர் இங்கேயே பிறந்து, இங்கேயே படிப்பித்து, 2014இல் ஓய்வு பெற்றார். அந்த ஆண்டே ஊர் வரலாற்றை எழுதத் தொடங்கினார்.

எழுதுவதற்கு அவருக்கிருந்த காரணம் தெளிவானது. 1996இல் போரால் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்து அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கம் போனபோதும், 2008இல் மறுபடி கிழக்கு நோக்கிப் போனபோதும், காணி உறுதிகளும் பாடசாலை வரவுப் பதிவேடுகளும் கோயில் கணக்குக் கொப்பிகளும் கலியாணப் படங்களும் அழிந்துவிட்டன. 2010இல் திரும்பி வந்தபோது, எந்த வாய்க்காலில் முதற் குடும்பங்கள் எவை என்பதற்குச் சான்றாக முதியவர்களின் நினைவே எஞ்சியிருந்தது. அந்த முதியவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டிருந்தார்கள்.

2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் மூடியபோது ரீச்சரிடம் தடித்த அட்டை போட்ட மூன்று சி.ஆர். கொப்பிகள் நிறைந்திருந்தன. அவற்றில் இரண்டு நனைந்தன. ஒட்டிக்கொண்ட தாள்களை ஈர்க்கினால் ஒவ்வொன்றாகப் பிரித்து, உடுப்புக் கொடியில் உலரவிட்டு, மை கரைந்த வரிகளைப் பென்சிலால் மேலெழுதிக் காப்பாற்றினார். அந்த வேலைக்கு ஒரு மாதம் ஆனது. அந்த மாதத்தில்தான் ஊரில் பலருக்கு இப்படியொரு எழுத்து இருப்பதே தெரியவந்தது.

பலன் தராத இரண்டு முயற்சிகள்

2019 தொடக்கத்தில் சனசமூக நிலையத்தில் கூட்டம் கூடி, பதினொரு பேர் கொண்ட நூலாக்கக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவாகினர். ஆண்டு முடிவதற்குள் நூலை வெளியிடுவதென்று தீர்மானமும் நிறைவேறியது. அடுத்த கூட்டத்துக்கு ஆறு பேர் வந்தார்கள். ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின் நாடு முழுவதும் கூட்டங்கள் நின்றன. நிலைமை சீரான பிறகும் குழு கூடவில்லை. குழுவிலிருந்தவர்கள் அக்கறையற்றவர்கள் என்று நான் கருதவில்லை. அவர்கள் வெளியீட்டு விழாவுக்குப் பொறுப்பெடுத்தார்களே தவிர, எழுதப்படாத பக்கத்துக்கு எவரும் பொறுப்பெடுக்கவில்லை. அறிவித்த திகதி மட்டும் ரீச்சரின் தலைமேல் பாரமாக நின்றது. கடைக்குப் போனால், "ரீச்சர், புத்தகம் எப்ப?" என்று கேட்பார்களே என்று கடைக்குப் போவதையே குறைத்துக்கொண்டதாகப் பின்னர் என்னிடம் சொன்னார்.

இரண்டாவது முயற்சி 2020இல், ஊரடங்கு நாட்களில் நடந்தது. புலம்பெயர்ந்த ஊரவர்கள் வைபரில் குழுவொன்றைத் தொடங்கி, வாரம் ஒரு பக்கமாவது போடும்படி ரீச்சரைக் கேட்டார்கள். முதல் மூன்று பக்கங்களுக்குக் கிடைத்த பாராட்டு மிக அதிகம். நான்காவது பக்கம் 1996ஆம் ஆண்டைப் பற்றியது. யார் முதலில் ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள் என்பதில் இரண்டு குடும்பங்களுக்கிடையே குழுவிலேயே வாக்குவாதம் மூண்டது. ரீச்சர் அந்தப் பக்கத்தை அழித்தார். அதன் பிறகு பத்து மாதங்கள் ஒரு வரியும் எழுதவில்லை.

அரைகுறை எழுத்தை அறுபது பேரின் முன் வைப்பது எழுதுபவருக்குத் துணை செய்வதாகாது என்பதை அப்போதே நாங்கள் உணர்ந்திருக்க வேண்டும். உணரவில்லை. நானும் அந்தக் குழுவில் கைதட்டியவர்களில் ஒருவன்.

அவதானித்தவை

2021 தைப்பொங்கல் கழிந்த ஒரு நாள் நான் ரீச்சர் வீட்டுக்குப் போனேன். கொப்பிகளைப் பார்க்கத் தரும்படி முதன்முறையாகக் கேட்டேன். அதுவரை எல்லோரும் நூலைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். எழுதியதைத் தாருங்கள், வாசிக்கிறோம் என்று ஒருவரும் கேட்டதில்லை. இரண்டு கிழமை எடுத்து முழுவதையும் வாசித்தேன். மூன்று விடயங்கள் தெரிந்தன.

முதலாவது, முதல் நாற்பது பக்கங்கள் வன்னியின் பொது வரலாறு. வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் 1803 ஒக்டோபர் 31 அன்று தோற்கடிக்கப்பட்டதாகச் சொல்லும் கற்சிலைமடுக் கல்வெட்டு வரை, பிற நூல்களில் உள்ளதை ரீச்சர் கவனமாகத் திரட்டி எழுதியிருந்தார். பிழை எதுவும் இல்லை. ஆனால் அங்கே ரீச்சரின் ஊர் இல்லை. வரலாறு என்றால் மன்னரிலிருந்து தொடங்க வேண்டும் என்ற எண்ணத்தால் இரண்டு ஆண்டுகள் அந்தப் பக்கங்களிலேயே கழிந்திருந்தன.

இரண்டாவது என்னை இன்றும் விட்டு அகலாதது. 2008ஆம் ஆண்டு இடப்பெயர்வை ரீச்சர் ஏழு தடவை எழுதத் தொடங்கியிருந்தார். மூன்று கொப்பிகளிலும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு பேனைகளால். ஏழும் ஒரே இடத்தில் நின்றிருந்தன. உழவு இயந்திரப் பெட்டியில் சாமான் ஏற்றியாயிற்று, கிணற்றடியில் கட்டியிருந்த கன்றின் கயிற்றை அவிழ்க்கப் போகிறார், அங்கே வாக்கியம் முடியாமல் நிற்கிறது. ஒரு தொடக்கத்தில் "கயிற்றை" என்ற சொல்லோடு பக்கம் வெறுமையாகிவிட்டது. நூலைக் கால ஒழுங்கில் எழுத வேண்டும் என்று நினைத்ததால், இந்த இடத்தைத் தாண்டாமல் அடுத்ததற்குப் போக ரீச்சரின் மனம் இடம் கொடுக்கவில்லை. ஊரார் சோம்பல் என்றது இதைத்தான்.

மூன்றாவது மிகச் சாதாரணமானது. மகள் ஆடைத் தொழிற்சாலைக்கு விடியப் போய்ப் பொழுதுபடத் திரும்புவார். மூன்று வயதுப் பேரப்பிள்ளையை ரீச்சர்தான் பார்த்தார். எழுதுவதற்கென்று நாளில் ஒரு மணிநேரமும் அவருக்கு இருக்கவில்லை. இதைப் பதினொரு பேர் கொண்ட குழுவில் ஒருவரும் கவனிக்கவில்லை.

இவற்றுடன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் முக்காற்பங்கினர் ரீச்சரிடம் படித்தவர்கள். "இந்தக் கிழமை எழுதினீங்களோ?" என்று அவரிடம் கேட்கும் துணிவு எங்களில் எவருக்கும் இல்லை. கேட்டாலும் அது மரியாதைக் குறைவாகவே அவருக்கும் எங்களுக்கும் பட்டிருக்கும். ஆகவே பாராட்டினோம். பாராட்டு எங்களுக்கு எளிதாக இருந்தது. பக்கம் நகரவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதிலிருந்து தொடங்கினோம். ஊரில் எண்பத்து நான்கு வயதான பழைய வட்டவிதானை ஒருவர் இருந்தார். வாய்க்கால் நீரை முறை வைத்துப் பங்கிடும் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தவர். ரீச்சரின் தகப்பனாரோடு ஒன்றாய்க் காடு வெட்டிய குடும்பத்தைச் சேர்ந்தவர். ரீச்சரைப் "பிள்ளை" என்று அழைக்கக்கூடிய மிகச் சிலரில் ஒருவர். கண்ணில் புரை வளர்ந்திருந்ததால் அவரால் வாசிக்க முடியாது. யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். அந்தக் குறையே எங்களுக்கு வழியாக அமைந்தது. ரீச்சரே சம்மதித்து, தாமே போய் அவரிடம் கேட்டார். சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணி என்று நாள் குறிக்கப்பட்டது.

முதற் சனிக்கிழமை ரீச்சர் அந்த நாற்பது பக்கங்களிலிருந்து வாசித்தார். வட்டவிதானை ஐயா நெடுநேரம் பொறுமையாக இருந்துவிட்டு, "பிள்ளை, உது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. எங்கட வாய்க்காலுக்கு முதல் தண்ணி வந்த நாளை எழுதும்," என்றார். ரீச்சர் அந்த நாளைத் தாம் அறியமாட்டார் என்றார். ஐயா அறிந்திருந்தார். அன்று இருட்டும் வரை அவர் சொல்லச் சொல்ல ரீச்சர் குறிப்பெடுத்தார்.

அந்தக் கிழமையே வேலை முறையை மாற்றினோம். பக்கக் கணக்கை விட்டோம். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு பங்கு. ஒரு வீட்டின் கதை, அல்லது ஒரு மதகின் கதை, அல்லது பாடசாலையின் ஓர் ஆண்டு. கால ஒழுங்கையும் விட்டோம். வாய்க்கால் துப்புரவில் ஒவ்வொருவரும் தத்தம் காணிக்குரிய பங்கைத் துப்புரவாக்கினால் வாய்க்கால் முழுவதும் துப்புரவாகிவிடும். தலைமதகிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எவரும் காத்திருப்பதில்லை. இந்த ஒப்பீடு ஐயாவுடையது. ரீச்சருக்கு அது உடனே விளங்கியது.

ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் அடுத்த கிழமைக்குரிய பங்கு எதுவென்று ரீச்சரே தம் வாயால் சொல்வார். நான் அதை நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் திகதியுடன் எழுதுவேன். அடுத்த கிழமை கொண்டுவந்தது என்ன என்பதைப் பக்கத்தில் எழுதுவேன். ஏன் எழுதவில்லை என்று எவரும் கேட்பதில்லை என்றும் முடிவு செய்தோம். எழுதாவிட்டாலும் ரீச்சர் வர வேண்டும், பழைய பங்கொன்றை வாசிக்க வேண்டும். வராமல் விடுவதற்கு மட்டுமே அனுமதி இல்லை. இது ரீச்சர் தாமே விதித்த நிபந்தனை. வெட்கப்பட்டு ஒரு கிழமை ஒளித்தால் ஒரு வருடம் ஒளிக்க வரும் என்பதைத் தம் மாணவர்களிடம் கண்டிருப்பதாகச் சொன்னார்.

நேரத்துக்கு வேறொரு ஏற்பாடு தேவைப்பட்டது. பக்கத்து வீட்டுப் பெண், மாதர் சங்கத்தில் இருப்பவர், செவ்வாயும் வியாழனும் காலையில் பேரப்பிள்ளையைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். அவருடைய மகன் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். ரீச்சர் அவனுக்கு ஞாயிறுகளில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். உதவியென்று கேட்டிருந்தால் இரண்டு மாதத்தில் இரு பக்கமும் கூச்சம் வந்திருக்கும். கைமாறாக அமைந்ததால் இறுதிவரை நின்றது.

கேட்பவர் வேறு, உதவுபவர்கள் வேறு என்று பிரித்ததை இந்த நிகழ்வின் முக்கியமான முடிவாக நான் கருதுகிறேன். நான் தட்டச்சு செய்தேன், ஆனால் பங்கு எங்கே என்று கேட்கவில்லை. ஐயா கேட்டார், ஆனால் எந்த வேலையும் செய்யவில்லை. உதவி செய்பவரே கணக்கும் கேட்டால், எழுதுபவருக்கு உதவி கடனாகத் தோன்றத் தொடங்கிவிடும்.

கன்றுக் கயிறு

முதல் பன்னிரண்டு சனிக்கிழமைகளில் ஒன்பது பங்குகள் வந்தன. வராத மூன்றில் இரண்டு, 2008ஆம் ஆண்டைக் கொண்டுவருவதாக ரீச்சர் சொன்ன கிழமைகள். இரண்டாம் முறை அவர் வெறுங்கையோடு வந்து, பாடசாலைக் கிணறு வெட்டிய பகுதியை மறுபடி வாசித்தார். ஐயா அதைக் கேட்டு முடித்து, சற்று நேரம் கழித்து, "எழுதேலாத இடத்தை வெறுமையா விடும் பிள்ளை. பேருகளை மட்டும் விடாதையும்," என்றார்.

அதன்படியே அந்த அத்தியாயம் அமைந்தது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஊரவர்கள் தங்கிய இடங்கள், அங்கங்கே இவர்களுக்கு இடம் கொடுத்த வீடுகள், செட்டிகுளம் முகாம்களில் எந்தக் குடும்பம் எந்தப் பகுதியில் இருந்தது என்ற விவரம், பின்னர் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல். பெயர்களைச் சேர்க்கும் முன் நாங்கள் மூவரும் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சம்மதம் கேட்டோம். நான்கு குடும்பங்கள் வேண்டாம் என்றன. காரணம் கேட்கவில்லை. அந்தப் பெயர்கள் நூலில் இல்லை.

கன்றின் கதையை ரீச்சர் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று எவரும் சொல்லவுமில்லை. அதை விட்டு அப்பால் போகலாம் என்ற அனுமதி கிடைத்த பிறகு, அடுத்த ஒன்பது கிழமைகளில் ஒரு பங்குகூடத் தவறவில்லை.

இடையூறுகள்

2021 ஓகஸ்ட் 20 தொடங்கி ஒக்டோபர் முதலாம் திகதி வரை தனிமைப்படுத்தல் ஊரடங்கு இருந்தது. தொலைபேசியில் வாசித்துப் பார்த்தோம். ஐயாவுக்குக் காது மந்தமாகையால் பயன்படவில்லை. ஐந்து கிழமை விடுபட்டது. ஊரடங்கு முடிந்த முதற் சனிக்கிழமை, கொண்டுவர எதுவும் இல்லாமலே ரீச்சர் சைக்கிளில் போனார். நிபந்தனை அங்கேதான் கைகொடுத்தது.

2022 இன்னும் கடினமாக இருந்தது. ஐயா புரை வெட்டுவதற்காக வவுனியாவில் மகள் வீட்டுக்குப் போய், நான்கு மாதங்கள் அங்கே தங்க நேர்ந்தது. பெற்றோல் கிடைக்கவில்லை. என் மோட்டார் சைக்கிள் முற்றத்திலேயே நின்றது. மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததால், மின்சாரம் வரும் நேரம் பார்த்து இரவில் தட்டச்சு செய்தேன். இம்முறை தொலைபேசி வாசிப்பு பயன்பட்டது. காரணம், ஐயாவின் மகள் பக்கத்தில் இருந்து, ரீச்சர் வாசித்த ஒவ்வொரு பந்தியையும் அவர் காதருகே உரத்துத் திருப்பிச் சொன்னார். ஒரு பங்குக்கு இரண்டு மணிநேரம் பிடித்தது. அந்த மகளின் பொறுமை இல்லாவிட்டால் நூல் 2022இலேயே நின்றிருக்கும்.

அச்சுக் கட்டத்தில் நேர்ந்த தவறுக்கு நானே பொறுப்பு. நான் யுனிகோட்டில் தட்டச்சு செய்திருந்தேன். அச்சகத்தில் பழைய குறியாக்கத்திலான பாமினி எழுத்துருவில்தான் பக்கம் அமைத்தார்கள். மாற்றியபோது கொம்பும் காலும் இடம்மாறி, பல சொற்கள் குலைந்தன. அதைக் கவனியாமல் முதற்படியை ரீச்சரிடம் கொடுத்துவிட்டேன். அவர் முதல் நாளே கண்டுபிடித்தார். முழு நூலையும் மறுபடி ஒப்பிட்டுத் திருத்த இரண்டு மாதங்கள் ஆயின.

கடதாசி விலை ஏறியதால், முதலில் சொன்ன தொகைக்கு அச்சகத்தால் செய்ய முடியவில்லை. முந்நூறு பிரதிகள் என்றிருந்ததை நூற்றைம்பதாகக் குறைத்தோம். முதல் நாற்பது பக்கங்களை நீக்குவதென்று ரீச்சர் முடிவு செய்ததும் அப்போதுதான். பணம் மிச்சமானது. ஐயா முதற் சனிக்கிழமை சொன்னதும் நிறைவேறியது.

விளைவு

2023 தைமாதத்தில் சனசமூக நிலையத்தில் நூல் வெளிவந்தது. கொழும்பிலுள்ள தேசிய நூலகத்திலிருந்து நூல் எண்ணும் பெற்றிருந்தோம். விழா அரை மணிநேரத்தில் முடிந்தது. முதற் பிரதியை ஐயா வாங்கினார். புரை வெட்டிய பிறகு பெரிய எழுத்துகளை வாசிக்கத் தொடங்கியிருந்தார். அட்டையிலிருந்த ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

நூல் வந்து இரண்டாம் கிழமை ஒருவர் ரீச்சரின் வீட்டுக்கு வந்தார். தம் குடும்பத்துக் காணி எந்த வாய்க்காலில் என்பது பிழையாக அச்சாகியிருப்பதாகச் சொன்னார். சரிபார்த்தோம். அவர் சொன்னதே சரி. அந்த வீட்டுக் கதை ஐயா சொன்னது. அவருடைய நினைவு அந்த ஓரிடத்தில் தவறியிருந்தது. நாங்கள் எவரும் அந்த வீட்டில் கேட்டிருக்கவில்லை.

மாற்ற வேண்டியவை

இறந்தவர்களின் பெயர்களுக்காக வீடு வீடாகப் போன நாங்கள், மற்றப் பக்கங்களுக்கு அதைச் செய்யவில்லை. ஒவ்வொரு வீட்டின் கதையையும் அச்சுக்கு முன் அந்த வீட்டில் வாசித்துக் காட்டுவதை இனி விடமாட்டோம். கேட்பவர் ஒருவரையே நம்பியதும் தவறு. ஐயாவுக்கு உடல்நலம் குன்றியிருந்தால் அந்த இடத்தில் வேறு எவரும் இருக்கவில்லை. அதே வயதும் உறவும் உள்ள இன்னொருவரைத் தொடக்கத்திலேயே சேர்த்திருக்க வேண்டும். எண்பத்து நான்கு வயதானவரைக் கிழமைதோறும் இரண்டு மணிநேரம் இருத்திவைத்ததன் களைப்பை நாங்கள் போதிய அளவு எண்ணவுமில்லை. எழுத்துரு பற்றிய கேள்வியை அச்சகத்தில் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

வைபர் குழுவை முற்றாகத் தவிர்த்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். ரீச்சர் அப்படி நினைக்கவில்லை. அச்சுச் செலவின் பெரும் பங்கு அந்தக் குழுவிலிருந்தவர்களிடமிருந்தே வந்தது. எழுதும்போது அவர்களிடம் காட்டக்கூடாது, எழுதி முடிந்ததும் அவர்களிடம் போகலாம் என்பது அவருடைய கருத்து.

பிழை தெரிந்த அன்று நூற்றைம்பதில் அறுபத்து மூன்று பிரதிகள் கையில் இருந்தன. ரீச்சர் பிழைதிருத்தச் சீட்டைத் தம் கையாலேயே எழுதி, படப்பிரதி எடுப்பித்தார். அடுத்த சனிக்கிழமை ஐயாவின் முற்றத்தில் இருந்து அறுபத்து மூன்றிலும் ஒட்டினோம். ஏற்கெனவே விற்ற பிரதிகளுக்குரிய சீட்டுகளைப் பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளில் கொண்டுபோய் வீடுகளில் கொடுத்தான். வெளிநாடு போன பதினேழு பிரதிகளுக்கு இன்னும் சீட்டு அனுப்பி முடியவில்லை. நாற்பது பக்கக் கொப்பியின் கடைசித் தாளில் அது எழுதப்பட்டிருக்கிறது.